முப்பத்தொன்றாவது சான்று

அலுவலகத்தில் அவளைக் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் கமாக்கா என்பார்கள். நீரியல் ஆய்விதழ் ஒன்றில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவள் கவலை இல்லை. கட்டுரையின் வாலில் தொங்கும் சான்றுப் பட்டியல்தான் அவள் பாடு. எழுதியவர் பெயர், அதன் பின் முன்னெழுத்து, ஆண்டு, தலைப்பு, இதழின் பெயர் சாய்வெழுத்தில், தொகுதி எண், பக்கங்கள்; எங்கே கமா, எங்கே புள்ளி என்று இதழுக்கென்று ஒரு சட்டம் உண்டு. பேராசிரியர்கள் அந்தச் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டு அனுப்புவார்கள். "அணை கட்டுவாராம் இந்த மனுஷன், ஒரு அரைப்புள்ளி வைக்கத் தெரியலை" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் திருத்துவாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் கையைத் தாண்டிப் போன பட்டியலில் பிழை கண்டவர் யாரும் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை அவள் கணினியில் திறந்திருந்தது, பழைய வெள்ள அளவுப் பதிவேடுகளில் நேர்ந்த பிழைகளைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் ஒரு பெண் பொறியாளர். மொத்தம் ஐம்பத்தெட்டுச் சான்றுகள். முப்பது வரைக்கும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. முப்பத்தொன்றில் கை நின்றது.

அது புத்தகமும் இல்லை, கட்டுரையும் இல்லை. ஒரு பெயர், பக்கத்தில் 'ஓய்வுபெற்ற நீர்மட்டக் கண்காணிப்பாளர், மூன்றாம் நீரேற்று நிலையம்' என்று ஒரு குறிப்பு, அதன் பின் 'கட்டுரையாளரிடம் நேரில் தெரிவித்தது, மார்ச் 14, இந்த ஆண்டு.'

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருவர் வாய்வழியாகச் சொன்ன தகவலைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறி போட்டுப் பெயரும் தேதியும் குறிக்க வேண்டும். சொன்னவரின் ஒப்புதலும் கையெழுத்தோடு வந்தாக வேண்டும். இதைத் தூக்கினால் முப்பத்திரண்டு முப்பத்தொன்றாகும், கடைசி வரை எல்லா எண்ணும் ஒரு படி இறங்கும், கட்டுரைக்குள் இருக்கிற எண்களையும் தேடித் தேடி மாற்ற வேண்டும். அரை நாள் வேலை. 'இதை யார் இங்கே போடச் சொன்னது?' என்று அழிப்பதற்காக விரலை வைத்தவள், அப்போதுதான் பெயரை ஒழுங்காகப் படித்தாள்.

மாதாமாதம் அவள் வீட்டு மின்கட்டண ரசீதில் வருகிற பெயர் அது. இரண்டு முன்னெழுத்தும் அதே. மூன்றாம் நீரேற்று நிலையமும் அதே. அவளுடைய மாமனார்.

தேதியை இன்னொரு முறை பார்த்தாள். மார்ச் பதினான்கு. போன ஆகஸ்டிலேயே மாமனாருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. "பேச்சு மட்டும் இல்லை, நாம சொல்றதைப் புரிஞ்சுக்கிற பகுதியும் அடிபட்டிருக்கு. உங்க குரல் அவருக்கு வெறும் சத்தமாத்தான் கேக்கும்" என்று மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். அன்று முதல் பத்து மாதமாக அவர் கட்டிலில் கிடக்கிறார். ஒரு எழுத்து வாயிலிருந்து வந்ததில்லை.

அப்படிப்பட்டவர் மார்ச் மாதத்தில் ஒரு பொறியாளரிடம் தகவல் தெரிவித்தாராம்.

'படுத்திருக்கிற மனுஷன் பேரை வச்சுப் பொய் எழுதியிருக்காளே பாவி' என்று கமாவுக்கு உச்சி வரைக்கும் ஏறிற்று. எழுந்து நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள். ஆசிரியர் எதையும் நிதானமாகக் கேட்கிற ஆள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நிச்சயமா உன் மாமனார்தானா?"

"மூணாம் நிலையத்துல அந்தப் பேர்ல இன்னொருத்தர் இருந்தா நான் இந்த வேலையையே விட்டுடறேன் சார்."

"பொய்னா கட்டுரையே போச்சு. நீயே பேசு. ஒப்புதல் கடிதம் எங்கேன்னு மட்டும் கேளு. உறவைச் சொல்லாதே, அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

அவள் தன் மேசைக்கு வந்து, கட்டுரையோடு வந்த கடிதத்தில் இருந்த எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். களைத்த, நல்ல குரல்.

"முப்பத்தொண்ணாவது சான்றா? அது தப்பா இருக்கும்னு எனக்கே தெரியும்ங்க. அச்சுல வராத விஷயத்தை எப்படிப் போடறதுன்னு புரியலை, கடைசியில அங்கேயே செருகிட்டேன்."

"இடம் மாத்திக்கலாம். ஆனா சொன்னவரோட ஒப்புதல் வேணும். கையெழுத்தோட."

"கையெழுத்துப் போட அவரால முடியாதுங்களே. வலது கை விழுந்துடுச்சு."

ஆக, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள். கமா குரலைக் கெட்டியாக்கிக்கொண்டாள்.

"அப்படின்னா அவரால பேசவும் முடியாதே. எப்படித் தகவல் சொன்னார்?"

"பேசலைங்க. தட்டினார்."

"என்னது?"

"விரலால தட்டினார். நான் அவர்கிட்ட பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். நீரேற்று நிலையத்துல ஆறு மோட்டாரும் ஓடினா பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. அதனால தட்டித்தான் பேசிக்குவோம். ஒரு தட்டு சரி, ரெண்டு தட்டு தப்பு. எண் சொல்லணும்னா அத்தனை தட்டு. சைபருக்கு விரலை ஒரு இழுப்பு. ஜனவரியில சும்மா பார்த்துட்டு வரலாம்னுதான் போனேன். கட்டில் கம்பியில விரல் ஆடிக்கிட்டே இருந்துச்சு. 'சார், என்னைத் தெரியுதா'ன்னு கேட்டேன். ஒரு தட்டு. எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. அப்புறம் செவ்வாய்க்கிழமைதோறும் போறேன். அந்தப் பெரிய வெள்ளத்தப்ப அளவு பதினாறு புள்ளி நாலு, பதிவேட்டுல பதினாலு புள்ளி ஆறுன்னு இடம் மாத்தி எழுதிட்டாங்க. அதை அவர்தான் எண் எண்ணா தட்டிச் சொன்னார்."

பகல் வேளையில் மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி வருகிறாள். வீட்டில் அவளைப் பகல் அக்கா என்பார்கள். "இன்னைக்கு ஃபைல் மேடம் வந்துட்டுப் போனாங்க" என்று அந்த அக்கா சொல்வதுண்டு. கையில் ஃபைலோடு பழைய ஆபீஸ்காரர் யாரோ மரியாதைக்கு வந்து போகிறார்கள் என்று கமா ஒரு தலையசைப்போடு விட்டுவிடுவாள். பெயர்கூடக் கேட்டதில்லை.

"மேடம்," என்றாள். அதற்கு மேல் ஆசிரியர் சொன்னது எதுவும் நினைவில் இல்லை. "அவர் என் மாமனார்."

"அட, நீங்கதான் அந்த மருமகளா!" பொறியாளரின் குரல் மலர்ந்தது. "பகல் அக்கா உங்களைப் பத்திச் சொல்லுவாங்க. தினமும் சாயந்திரம் அவர் ரூம்லயே உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது பேசிக்கிட்டிருப்பீங்களாமே. இந்தக் காலத்துல யாருங்க செய்யறா!"

கமாவின் கண் திரையில் இருந்த அந்தப் பெயரிலேயே நின்றது.

"ஹலோ? இருக்கீங்களா?"

"அவர் தட்டறது எங்களுக்குத் தெரியாதுங்க."

மறுமுனையிலிருந்து மிக மெல்ல ஒரு கேள்வி வந்தது. "அப்ப தினமும் சாயந்திரம் யார்கிட்ட பேசறீங்க?"

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாளா, சொல்லாமலே கிளம்பினாளா என்று பின்னாளில் அவளுக்கு ஞாபகம் இல்லை. பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி ஒரு நிறுத்தம் போய் இறங்கித் திரும்பி நடந்தாள். நடக்க நடக்க ஒவ்வொன்றாய் மேலே வந்தது.

அவர்கள் வீட்டில் கைப்பேசிக்கு நல்ல சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மாமனார் அறையின் ஜன்னல் ஓரம். அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் தினமும் தன் தங்கையோடு பேசுவாள். கேட்க ஆள் இல்லாத அறை என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவாள். அலுவலக வம்பு, கணவனின் சோம்பேறித்தனம், தங்கை வீட்டுச் சமையலறைக் கூரையில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அதற்காகத் தங்கை எட்டு மாதமாக நடத்துகிற போர். அதோடு, மாமனாரைப் பற்றியும்.

'கட்டை மாதிரி கிடக்காருடி. நாமளும் செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி ஊத்திக்கிட்டிருக்கோம்.' இது ஒரு நாள். 'போய்ச் சேர்ந்துட்டா அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.' இது பல நாள். போன ஞாயிற்றுக்கிழமை பேசியது இன்னும் சூடு ஆறவில்லை. 'ஒண்ணாந்தேதி முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விடறோம். அப்புறம் இந்த ரூமை எனக்குன்னு எடுத்துக்கப் போறேன். மேசை போட்டா வீட்டுலேர்ந்தே வேலை பார்க்கலாம், சிக்னலும் நல்லா இருக்கு.'

அவருடைய கட்டிலுக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவே இரண்டு அடிகூடக் கிடையாது.

கதவைத் திறந்த பகல் அக்கா, "என்னம்மா, உடம்பு சரியில்லையா? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு" என்றாள். கமா நேராக அறைக்குள் போனாள்.

கட்டிலின் இடப்பக்கக் கம்பி வெறுமையாக இருந்தது. அதில் சுற்றிக் கட்டியிருக்க வேண்டிய பழைய துண்டு மடித்து நாற்காலி மேல் கிடந்தது.

அந்தத் துண்டைக் கட்டச் சொன்னதே அவள்தான். அவருடைய இடது கையின் சுட்டுவிரல் சாயங்காலமானால் கம்பியில் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். 'நரம்புத் துடிப்பு, அது பாட்டுக்கு ஆடும்' என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் அந்தச் சத்தம் இன்னும் கூடும். பேச்சே கேட்கவில்லை என்று நவம்பரிலேயே கம்பிக்குத் துண்டு சுற்றச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இதை ஏன் அவிழ்த்தீங்க?"

"பகல்ல அவிழ்த்துடுவேன்மா. நீங்க வரதுக்குள்ள திரும்பக் கட்டிடுவேன். துணி இருந்தா அவர் தட்டறது எனக்குக் கேக்காதே. தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கணுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"உங்ககிட்டயும் தட்டறாரா?"

"ஃபைல் மேடம் கத்துக்கொடுத்தாங்க. ஒண்ணு தட்டினா ஆமா, ரெண்டு தட்டினா இல்லை."

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லலை?" கமாவின் குரல் உடைந்து கத்தலாக வந்தது.

அக்கா மிரண்டுபோனாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க தினமும் அவர்கிட்ட உட்கார்ந்து பேசறீங்க. துண்டைக் கட்டச் சொன்னது, பாவம் விரல் வலிக்கும்னுதான்னு நினைச்சேன்."

கமா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். மாமனார் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சவரம் செய்து சுத்தமான முகம். பத்து மாதமாக இந்த முகத்தைத் துடைக்கிறாள், சாப்பாடு ஊட்டுகிறாள், துணி மாற்றுகிறாள். இந்தக் கண்ணைப் பார்த்ததில்லை.

"மாமா."

கண்கள் மெல்லத் திரும்பி அவள் மேல் நின்றன.

"நான் பேசறது உங்களுக்குப் புரியுதா?"

விரல் உயர்ந்து கம்பியில் ஒரு முறை விழுந்தது. டக்.

தற்செயலாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

டக் டக்.

"வியாழக்கிழமையா?"

டக்.

"முதல்லேர்ந்தே புரியுமா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்தே?"

டக்.

"நான் ஃபோன்ல பேசினதெல்லாம்?"

டக்.

"எல்லாமேவா மாமா?"

விரல் சற்றுநேரம் கம்பியின் மேல் அப்படியே இருந்தது. பிறகு ஒரு முறை, மற்றதைவிட மெதுவாக, விழுந்தது.

வாசற்படியில் நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கமாவுக்குத் தோன்றிற்று. கடைசியில் கேட்கக்கூடாததைக் கேட்டாள். "என் மேல கோபமா மாமா?"

இரண்டு தட்டு வரும் என்று அவள் நம்பினாள். பெரியவர்கள் அப்படித்தானே விட்டுக்கொடுப்பார்கள். கண்ணைக்கூட இமைக்காமல் அவளைப் பார்த்தபடியே அவர் ஒரு முறை தட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கணவன் வந்தான். அப்பாவுக்கு இப்படி ஆனதிலிருந்து அவன் அந்த அறைக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான், ஒரு பெருமூச்சு விடுவான், நகர்ந்துவிடுவான். உள்ளே வந்து பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. கமா நடந்ததைச் சொன்னதும் முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான்.

"என்ன உளர்ற? டாக்டர் படம் போட்டுக் காட்டினாரே. சும்மா விரல் துடிக்கறதுக்கு நீங்க எல்லாரும் சேர்ந்து அர்த்தம் கட்டறீங்க."

"நீங்களே வந்து கேளுங்க."

"என்னத்தைக் கேக்கறது?"

"எங்க யாருக்கும் தெரியாததா ஏதாவது கேளுங்க. எண்ணா இருக்கட்டும். எண்ணுன்னா தட்டிச் சொல்லுவார்."

அவன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். தகப்பனின் கண்ணைப் பார்க்காமல் போர்வையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "அப்பா, பத்தாவதுல கணக்குல நான் எவ்வளவு மார்க்?"

டக், டக், டக். ஒரு இடைவெளி. டக், டக், டக், டக், டக்.

"முப்பத்தஞ்சா?" என்றாள் கமா. "எண்பத்தஞ்சுன்னு இல்ல சொல்லியிருக்கீங்க? கல்யாணம் ஆனதுலேர்ந்து எண்பத்தஞ்சு!"

அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "முப்பத்தஞ்சுதான்" என்றான். "அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாகிட்டகூடச் சொல்லாம கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்." அதற்குப் பின் நாற்பத்து நான்கு வயது மனுஷன் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். "நான் உள்ளே வரவே இல்லையேப்பா. பத்து மாசமா உள்ளே வரவே இல்லையே." இடது கை மெல்ல நகர்ந்து வந்து அவன் தலைமுடியில் விழுந்தது. அது தட்டவில்லை. அங்கேயே கிடந்தது.

கமா அறையை விட்டு வெளியே வந்து, சமையலறைத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் கணவன் முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசி, வரவில்லை என்று சொல்லிவிட்டான். அதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டான். இரண்டு தட்டு, கட்டிலே அதிரும்படி விழுந்தது. அடுத்த வாரம் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் ஏழெட்டுக் கேள்வி கேட்டு, விடைகளைப் பார்த்து, எழுந்து நின்றுவிட்டார். "புரிதல் முழுசா இருக்கு. பேச்சு மட்டும்தான் போயிருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. ஆரம்பத்தில் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை என்று ஏதேதோ விளக்கினார். "இங்கே வர்றது உங்களுக்குச் சிரமமா இருக்கா ஐயா?" என்று கேட்டார். அதற்கு ஒரு தட்டு. "என் மேல வருத்தமா?" அதற்கும் ஒரு தட்டு. மருத்துவர் முகம் சிவந்துபோயிற்று. பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பொறியாளர் வந்தார். ஆசிரியர் சொன்ன யோசனைப்படி, கட்டுரையில் அந்தத் தகவல் வருகிற வரியை மாமனாருக்குப் படித்துக் காட்டி, அவர் ஒப்புதல் தட்டுவதைப் படம் பிடித்தார்கள். படிக்கிற வேலை கமாவுக்கு. வரியைப் படித்து முடித்து, "இது நீங்க சொன்னதுதானா? உங்க பேரோட அச்சுல வரலாமா?" என்று முறைப்படி கேட்டாள். ஒரு தட்டு வந்தது. ஆனால் அவர் பார்த்தது பொறியாளரை, அவளை இல்லை. முப்பத்தொன்றாவது சான்று பட்டியலிலிருந்து எடுபட்டு, அடைப்புக்குறிக்குள் கட்டுரையோடு சேர்ந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழானது. எல்லா எண்களையும் அவளே உட்கார்ந்து மாற்றினாள். அன்று ஒரு முணுமுணுப்பும் இல்லை.

வீட்டில் அவர் எல்லோரிடமும் தட்டினார். மகனிடம் தட்டினார், பகல் அக்காவிடம் தட்டினார், பயிற்சி கொடுக்க வந்தவரிடம் தட்டினார். கமா கேட்டால் மட்டும் விரல் அசையாது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் அப்படித்தான். அவள் வாயைத் திறந்து ஒரு குறையும் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று, விட்டு விட்டுக் கேட்கும் சிக்னலில் தங்கையோடு இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள்.

ஆமாம், இல்லை, எண். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் ஓட்டுவான்? அவளுக்குத் தெரிந்தது பட்டியல் போடுவதுதான். ஒரு பெரிய அட்டையில் பதினெட்டு மெய்யெழுத்துகளை மேலிருந்து கீழாகவும் பன்னிரண்டு உயிரெழுத்துகளை இடமிருந்து வலமாகவும் எழுதிக் கட்டம் போட்டாள். பென்சிலை வரிசையாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் தட்ட வேண்டும். கணவனிடம் கொடுத்து, "நீங்க பண்ணுங்க. என்கிட்ட மாமா தட்ட மாட்டார்" என்றாள். இரண்டு நாளில் தகப்பனும் மகனும் அதில் நன்றாகத் தேறிவிட்டார்கள். முதல் வாக்கியம் 'மீசையை எடுக்காதே' என்பது. பத்து மாதமாக மீசையையும் சேர்த்தே மழித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோராவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கணவன் வெளியே போயிருந்தான், அக்காவுக்கு விடுமுறை. கமா தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். டக். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் சுவரில் சாய்த்து வைத்திருந்த அட்டையின் மேல் இருந்தது.

அட்டையை எடுத்து, பென்சிலை நகர்த்தினாள். 'ஒ' வந்தது. பிறகு 'ழு'. பிறகு 'க'. பிறகு 'ல்'.

"ஒழுகலா?" அவள் பதறிப்போய் போர்வையை விலக்கிப் படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. சிறுநீர்க் குழாயைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். டக் டக், டக் டக் என்று பொறுமை இழந்து அடித்தது விரல். மறுபடியும் அட்டை. 'த', 'ங்', 'க', 'ச்', 'சி'.

கமாவுக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. "என் தங்கச்சி வீட்டு ஒழுகலா? அந்தச் சமையல்ரூம் கூரையா?"

டக்.

"அது நின்னுச்சான்னு கேக்கறீங்களா?"

டக்.

அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். எட்டு மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் விட்ட இடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறார். கதை நடுவில் நின்றுபோயிற்று. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்டுப்போன பதினோரு நாள் கதையைச் சொன்னாள். தங்கை கேட்கப் போனது, மேல்வீட்டுக்காரி எடுத்த எடுப்பிலேயே கத்தியது...

டக் டக்.

"என்ன மாமா, தப்பா?"

டக்.

கமா யோசித்துப் பார்த்தாள். எட்டு மாதமாகக் கேட்டவருக்குத் தங்கையின் குணம் தெரியாமலா இருக்கும்? "சரி, சரி. முதல்ல கத்தினது என் தங்கச்சிதான்."

டக். மேலே சொல்லலாம் என்பது போல் விரல் ஓய்ந்தது. அவள் சொல்லி முடித்ததும் மறுபடி அட்டையைக் காட்டினார். அரை மணி நேரம் பிடித்தது. 'மேல் வீட்டார் ஊரில் இல்லாத வாரமும் சொட்டியது. குளியலறை இல்லை. தங்கச்சி வீட்டுக் குழாயைப் பார்.'

மேல்வீட்டுக்காரர்கள் பிப்ரவரியில் ஒரு வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்கள். வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தங்கை அப்போது குதித்ததும், அவளோடு சேர்ந்து தானும் குதித்ததும் கமாவுக்கு நினைவு வந்தது. உடனே தங்கையை அழைத்தாள். தங்கை அரை மனதோடுதான் குழாய் வேலைக்காரரைக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. கமா ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அக்கா, சுவரை உடைச்சுப் பார்த்தாச்சு." தங்கையின் குரல் பேயறைந்த மாதிரி இருந்தது. "மாடித் தொட்டியிலேர்ந்து எங்க வீட்டுக்கு இறங்கற குழாய்தான் வெடிச்சிருக்கு. எங்க குழாய்க்கா! எட்டு மாசமா அந்தப் பொம்பளையை நான் என்னென்ன பேசிட்டேன்! யாருக்கா சொன்னது இதை? பார்க்காமலே எப்படித் தெரிஞ்சுது?"

"மாமாதான் சொன்னார்."

"எந்த மாமா? உன் மாமனாரா? அவருக்குத்தான் எதுவுமே..."

"வாயை மூடுடி," என்றாள் கமா. "பக்கத்துலதான் இருக்கார். கேட்டுக்கிட்டிருக்கார்."